பெயின்ட் அடித்த பந்தல்கால்

அடுத்தவள் வீட்டுப் பந்தல் விழுந்த கதை என்றால் உங்களுக்கு அப்படி என்ன ஆசை? சரி, பேசாமல் கேளுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்த என் மகன் தோட்டத்தில் மரப்பந்தல் போட்டு, பாஷன் ஃபுரூட் கொடியைப் படரவிட்டான். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வீட்டோடு சேர்த்து அதற்கும் பெயின்ட் அடிப்பேன். கால்கள் பளபளவென்று இருந்ததால், மண்ணைக் கிளறி அடியைப் பார்த்ததே இல்லை.

போன மழைக்காலத்தில் அந்தப் பந்தலடியில் வீட்டு ஜெபக்கூட்டம் நடந்தது. பேத்தி, பந்தல் விட்டத்தில் கட்டிய தொட்டிலில் உறங்கினாள். எல்லோரும் கண்மூடி ஜெபிக்க, எனக்கு மட்டும் இருப்புக்கொள்ளவில்லை. தலைக்குமேலே ஏதோ நெறுநெறுவென்று சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கண்ணைத் திறந்தால், ஒரு கால் சாய்கிறது!

"எழும்பி ஓடுங்க மக்கா!" என்று கத்திப் பிள்ளையை வாரி எடுத்தேன்.

"ஜெபத்துக்க எடையில என்ன மாமி இது?" என்று முறைத்த மருமகளையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்ததும் பந்தல் சரிந்தது. மற்றவர்களும் தப்பிவிட்டார்கள். ஒடிந்த காலில் பெயின்ட்தான் மிச்சம். உள்ளே முழுக்கக் கரையான்.

இப்போது மாதாமாதம் புதுப் பந்தலின் ஒவ்வொரு காலின் அடியையும் கம்பியால் குத்திப் பார்க்கிறேன். பெயின்டெல்லாம் அதற்குப் பிறகுதான்.

விசாரிக்க வந்த அயல்வீட்டுப் பெண்களிடம் சொன்னேன்: "ஆண்டவர் காத்தாருன்னு சாட்சி சொல்லுங்கட்டி, வேண்டாங்கல. மொதல்ல போயி உங்க பந்தக்காலக் குத்திப் பாருங்க. வீடு வீடா வந்து ஜெபத்துல கண்ணு முழிச்சிருக்க என்னால முடியாது!"