மிஞ்சினா ஒண்ணு

பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டு முறை தோற்று, கல்யாணத்துக்குப் பிறகு மூன்றாம் முறை எழுதித் தேறினாள். மாமியார் வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல், ஆந்திர எல்லையில் நாகலாபுரம் பக்கத்து அங்கன்வாடியில் உதவியாளர் வேலை வாங்கினாள். தெலுங்கு எழுத்தைப் பஸ் போர்டு பார்த்தே கற்றாள். என் தங்கை பிரமிளாவைத்தான் சொல்கிறேன்.

அங்கே டீச்சர் ஓய்வு பெற்றதும், பிரமிளாவைப் பொறுப்பு டீச்சராகப் போடலாமா என்று பார்க்க சூப்பர்வைசர் சுலோச்சனா வந்தார். முட்டை அட்டைகளை வண்டியில் கொண்டுபோன நானும் அங்கிருந்தேன்.

அவர் அட்டையில் ஐந்து முட்டை வைத்தார். முன்னால் உட்கார்ந்திருந்த குழந்தை பவ்யாவை நாலை எடுக்கச் சொல்லி, "மிச்சம் எத்தினி?" என்று கேட்டார்.

பவ்யா மிச்சத்தைத் தொட்டுச் சொன்னாள்: "லாபம்."

"கழித்தல் கேட்டா யாவாரம் பேசுது. அடுத்த திங்கக்கிழமை வரேன் பிரமிளா. அப்பவும் இதே கதின்னா வேற ஆளப் போட்டுடுவேன்."

பவ்யாவின் அப்பா மணிவேல் மண்டியில் எலுமிச்சம்பழம் எண்ணிப் போடுகிறவர். அங்கே யாரும் ஒன்று என்று தொடங்குவதில்லை. லாபம், ரெண்டு, மூணு என்றுதான் எண்ணிக்கை. பிள்ளைகள் பாதிப்பேர் அப்படித்தான் எண்ணக் கற்றவர்கள்.

பிரமிளா அவரிடம் போய்க் கேட்டாள். "வூட்ல ஒண்ணுன்னு சொல்லிக் குடுங்கண்ணா."

"ஒண்ணுன்னு தொடங்கினா யாவாரம் ஒண்ணோட நின்னுப்பூடும்மா. நீ டீச்சராவ நான் தலையில துண்டு போட்டுக்கினு போவணுமா?"

பதிலை மட்டும் மனப்பாடம் பண்ணவைக்கச் சொன்னேன். பிரமிளா ஒப்புக்கொள்ளவில்லை.

"அது அன்னிக்கு மட்டுந்தாண்ணா நிக்கும். எண்றத மாத்த வேணாம். எடுக்கறதச் சொல்லிக் குடுக்கறேன்."

மறுநாளே அட்டைக் குழிகளில் எலுமிச்சம்பழம் வைத்தாள். பிள்ளைகள் லாபத்தில் தொடங்கி எண்ணினார்கள். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து, மிச்சத்துக்கு விரல் காட்ட வேண்டும். ஒரே பழம் நின்றதும், "விரல் எத்தினி?" என்பாள். "ஒண்ணு."

"வைக்கும்போது லாபம், மிஞ்சினா ஒண்ணு" என்று வாரம் முழுக்கச் சொல்லவைத்தாள். யஸ்வந்த் ஒரு பழத்தைக் கடித்துவிட்டு, "துன்னுட்டா எத்தினி டீச்சர்?" என்றான்.

திங்கட்கிழமை சூப்பர்வைசர் ஆறு முட்டை வைத்தார். பவ்யா, "லாபம், ரெண்டு" என்று தொடங்கியதும் அவர் முகம் சுருங்கியது. பவ்யா ஐந்தை எடுத்துவிட்டு ஒரு விரலைத் தூக்கினாள்.

"ஒண்ணு."

"அதையும் எடுத்துட்டா?"

எடுத்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். "குழிதான் மேடம்."

சூப்பர்வைசர் சிரித்துவிட்டார். வருகைப் பதிவேட்டைப் பிரமிளா பக்கம் திருப்பி, உதவியாளர் வரியைத் தாண்டி மேலே விரல் வைத்தார். டீச்சர் என்ற இடத்தில் என் தங்கை முதன்முதலாகக் கையெழுத்துப் போட்டாள். 18 நவம்பர் 2024.