அலசிக் கொடுத்த டின்

அப்பா போய்விட்டார் என்ற தந்தி கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது மணி பதினொன்று இருக்கும். சாயங்காலம் ஐந்து மணிக்கு எடுப்பதாக அண்ணன் அதிலேயே போட்டிருந்தான். அதற்குள் தளிக்குப் போய்ச் சேர வேண்டும், அப்பா முகத்தைப் பார்க்க வேண்டும், என் கையால் வாய்க்கரிசி போட வேண்டும். அன்றைக்கு எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் வேலை பார்த்த புளி மண்டியின் முதலாளி நல்ல மனுஷர். "சாவு வீட்டுக்குப் பஸ்ஸை நம்பிப் போவாங்களா? என் காரை எடுத்துக்கிட்டுப் போங்க" என்று டிரைவரோடு அனுப்பிவைத்தார். நாங்கள் காரில் வருவதாகத் தளிக்குத் தந்தியும் கொடுத்துவிட்டார்.

அந்தக் காரில் பெட்ரோல் காட்டும் முள் எப்போதோ செத்துப்போயிருந்தது. டிரைவர் பாய் தினமும் டாங்கிக்குள் குச்சி விட்டுப் பார்த்துத்தான் வண்டியை எடுப்பார். அன்றைக்கு நான் அழுத அழுகையில் குச்சியை மறந்துவிட்டார். சூளகிரிக்கு மூன்று மைல் இருக்கும்போது வண்டி இருமி இருமி நின்றது.

பாய் பின்னாலிருந்து ஒரு காலி டின்னை எடுத்து வைத்துவிட்டு, லாரி வருகிறதா என்று ரோட்டைப் பார்த்து நின்றார். டின் உள்ளேயும் வெளியேயும் செம்மண் அப்பிக் கிடந்தது. என் கை சும்மா இருக்கக் கூடாதா? பால் ஆகட்டும், மோர் ஆகட்டும், மண்ணெண்ணெய் ஆகட்டும், ஓர் அலசு அலசாமல் எந்தப் பாத்திரத்திலும் எதையும் ஊற்றி எங்கள் வீட்டில் பழக்கமில்லை. கூஜாத் தண்ணீரை டின்னில் விட்டு நன்றாகக் குலுக்கிக் கவிழ்த்தேன். அதற்குள் ஒரு லாரி வந்து நின்றது. "குடுங்கம்மா, குடுங்கம்மா" என்று பாய் டின்னைப் பிடுங்கிக்கொண்டு ஏறிவிட்டார். அந்த லாரி பத்து நிமிஷம் கழித்து வந்திருந்தால் அந்த வெயிலுக்கு டின் காய்ந்திருக்கும்.

ஒரு மணி நேரத்தில் பெட்ரோலோடு வந்தார். ஊற்றினார். முன்னால் ஹேண்டிலைச் செருகிச் சுற்றினார். வண்டி ஊம் என்றது, அவ்வளவுதான். மறுபடி சுற்றினார். என் வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றிவிட்டு அவரும் சுற்றினார்.

"பிளக்குதான் பாய், பிளக்குதான்" என்றார், வாழ்நாளில் சைக்கிள்கூட ஓட்டாத என் வீட்டுக்காரர்.

பாய் பிளக்கைக் கழற்றித் துடைத்து, இஞ்சின் மேல் வைத்துப் பார்த்தார். நீலமாகப் பொறி தட்டியது. "கரண்டு வருதுங்க. வேற என்னமோ." பெட்ரோல் குழாயை வாயில் வைத்து ஊதினார், துப்பினார். அடைப்பு எதுவும் இல்லை.

அந்த நேரம் பார்த்து ஓசூர் பஸ் வந்தது. நான் கையைத் தூக்கப் போனேன். "இரு, இதோ ஸ்டார்ட் ஆயிடும். பஸ்ஸுல போயி ஓசூர்ல எறங்கி, தளி பஸ்ஸுக்கு எவ்வளவு நேரம் நிக்கறது?" என்றார் என் வீட்டுக்காரர். நானும் கையை இறக்கிக்கொண்டேன், பஸ் போய்விட்டது. அப்படி ஒரு சனியன் பிடித்த அடக்கம் எனக்கு.

கடைசியில் பாய் கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தைக் கழற்றி உள்ளங்கையில் கவிழ்த்தார். பெட்ரோல் ஆவியாகிப் போனது. அடியில் முத்து முத்தாக என்னவோ உருண்டது. நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"தண்ணி! பெட்ரோல்ல தண்ணி கலந்து குடுத்திருக்கான். சாவுக்குப் போறோம்னு சொல்லித்தானேடா வாங்கினேன், பாவி! வெளங்குவானா அவன்?"

கூஜா என் மடியருகில் இருந்தது. சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன், "தண்ணியா பாய்?" என்று கேட்டேன். என் வெட்கங்கெட்ட வாயிலிருந்து வந்தது அதுதான். அந்தப் பெட்ரோல் பங்க்காரன் வாங்கிய சாபமெல்லாம் என்னுடையது.

டாங்கியிலிருந்த பெட்ரோலை முழுக்க இறக்கி, தெளியவைத்து, மேலாக எடுத்து மறுபடி ஊற்ற வேண்டியிருந்தது. ஊற்றியும் இரண்டு தடவை நின்றது. இரண்டு தடவையும் கிண்ணத்தைக் கழற்றி மாட்டினார். நான் ரோட்டோரம் உட்கார்ந்து, சூரியன் இறங்குவதையும் பாயின் கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரு திருகாணியின் பேர்கூடத் தெரியாது. வண்டி உறுமியபோது மணி ஐந்தேகால்.

தளியில் விளக்கு வைத்துவிட்டார்கள். வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள். ஆண்கள் ஈரத் தலையோடு திரும்பியிருந்தார்கள். அண்ணன் பாயைப் பார்த்துக் கத்தினான். பாய் தலையைக் குனிந்துகொண்டு, "பெட்ரோல்ல தண்ணிங்க" என்று மட்டும் சொன்னார். நான் அவரைத் தாண்டி உள்ளே போனேன்.

அம்மா மூலையில் இருந்தாள். அருகில் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளிடம் கோபமே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

"மூணு வாட்டி தூக்க வந்தாங்கடி. நான் விடல. முகத்த மூடவும் விடல. அவ பஸ்ஸுல வரல, காருல வர்றா, இதோ வந்துருவான்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்."