நீல உறைக்குள் என்ன பேட்டரி

லோர்ன் ஹாஸ்கெட் இளவயதிலேயே நிக்கல் சுரங்கத்தில் இறங்கியவர். நுரையீரல் கெட்டு மேலேறிவந்து, சிகரெட்டை விட்டு, கடைசியில் கனடாவின் சட்பரி நகரில், மின்சிகரெட் விற்கும் டீனாவின் வேப் கடையில் விற்பனையாளராகச் சேர்ந்தார். வார இறுதிகளில் நானும் அதே கடையில் வேலை பார்ப்பதால், அவருடைய பேட்டரிப் பிரசங்கம் எனக்கு மனப்பாடம். நீண்ட நேரம் தாங்கும் பேட்டரி பெரிய மின்னோட்டத்தைத் தாங்காது. பெரிய மின்னோட்டத்தைத் தாங்குவது சீக்கிரம் தீர்ந்துபோகும். இரண்டும் உண்டென்று உறையில் எழுதியிருந்தால் அது பொய். இதைச் சொல்லாமல் அவர் ஒரு பேட்டரியும் விற்றதில்லை. ஊரார் அவருக்குப் பாதிரியார் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

"ஒரு பேட்டரி கேட்டா ஏன்யா ஜாதகம் கேக்கறே?" என்று சுரங்க மெக்கானிக் ரெஜான் சீண்டுவான்.

"பொருத்தம் பாக்காம குடுத்தா நாளைக்கு உன் கையிலதான் வெடிக்கும். சாவிக்கொத்தோட பையில போடாதே. டப்பா வாங்கிக்கோ."

"டப்பாவுக்குக் கமிஷனா பாதிரியாரே?"

கிழிந்த உறையோடு யாராவது வந்தால், பழையதை உரித்துப் புதிய பிளாஸ்டிக் உறையை மாட்டி, முடி உலர்த்தும் கருவியின் சூட்டில் சுருக்கி, காசு வாங்காமல் கொடுப்பார். ஹாக்கி இறுதிச் சுற்றுகள் தொடங்கும் ஏப்ரலில், அணியின் நீல நிறத்தில் உறை கேட்டு எல்லோரும் வருவார்கள். அந்தப் பழக்கத்தைத் தொடங்கியவரும் அவர்தான். பழைய உறையோடு பேட்டரியின் பெயரும் போய்விடும் என்பதால், உரித்த கையோடு ஒவ்வொன்றிலும் உரியவரின் பெயரை எழுதிய நாடாவை ஒட்டிவைப்பார்.

இந்த ஏப்ரலில் ஆட்டம் தொடங்கும் நேரத்தில் கடை நிரம்பி வழிந்தது. தட்டில் ரெஜானுடைய பெரிய மின்னோட்டப் பேட்டரிகள் இரண்டும், பனி அள்ளும் வண்டி ஓட்டும் மேவிஸுடைய நீண்ட நேரம் தாங்கும் பேட்டரிகள் இரண்டும் உறையின்றிக் கிடந்தன. யாரோ முழங்கையால் இடித்ததில் தட்டு கவிழ்ந்து, நாடாக்கள் கழன்றன. லோர்ன் நான்கையும் பொறுக்கிக் கையில் எடை பார்த்தார். உலோகத்தில் பொடியாக அச்சிட்ட எண்ணைப் படிக்க உருப்பெருக்கி வேண்டும். அது உள்ளறையில் இருந்தது. "சீக்கிரம் பாதிரியாரே, ஆட்டம் ஆரம்பிச்சாச்சு!" என்று கூட்டம் கத்தியது. எது யாருடையது என்று அவர் ஊகித்தார். ஊகிக்கிறோம் என்று தெரிந்தே ஊகித்தார்.

ரெஜானுடைய வேப் கருவி உள்ளே எந்த மின்சுற்றும் இல்லாத வெறும் பித்தளைக் குழாய். பொத்தானை அழுத்தினால் பேட்டரி தன் சக்திக்கு மீறியும் கொடுத்துக்கொண்டே இருக்கும். அடுத்த வாரம் அது அவன் கையிலேயே சீறி எரிந்தது.

கட்டுப்போட்ட கையோடு அவன் கடைக்கு வந்தபோது, வழக்கமான கேலிக்கு நிற்காமல் நேரே லோர்னிடம் வந்தான்.

"மன்னிச்சுக்கப்பா. நீ அவ்வளவு சொல்லியும் நான்தான் எங்கயோ கோட்டை விட்டுட்டேன். வீட்டுக்காரி சோலாஞ்சுகிட்ட என் தப்புதான்னு சத்தியம் பண்ணிச் சொல்லிட்டேன். அவ இன்னும் முகம் குடுத்துப் பேசல."

அந்த நேரம் பார்த்து மேவிஸ் உள்ளே வந்தாள்.

"ஏன் லோர்ன், நீ உறை மாத்தினதுலேருந்து என் பேட்டரி மத்தியானமே செத்துப்போவுது. முன்னெல்லாம் பொழுது முழுக்க ஓடுமே?"

அவருக்கு அந்தக் கணமே புரிந்துவிட்டது. எனக்கும் புரிந்தது.

"குளிர்" என்றார். "குளிருக்கு அப்படித்தான்."

"பாதிரியார் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான் ரெஜான், மேவிஸிடம்.

லோர்னின் முகம் காது மடல்வரை சிவந்தது. மேவிஸிடம் கை நீட்டி பேட்டரிகளை வாங்கினார். எல்லோரும் பார்க்க, நகத்தால் நீல உறையைக் கிழித்தார். உள்ளறைக்குப் போய் உருப்பெருக்கியோடு வந்தவர், அதைத் தன் கண்ணில் வைக்காமல் ரெஜானிடம் நீட்டினார்.

"படி. உன்னுதுதான் அது. அவளுது உன் கையில வெடிச்சுது. எனக்குத் தெரியாமப் போச்சுன்னு சொல்ல மாட்டேன். பாத்திருக்கலாம். பாக்கல. இப்பக்கூட குளிர்னு பொய் சொன்னேன்."

ரெஜான் படித்தான். வெகுநேரம் படித்தான். டீனா வானொலியின் ஒலியைக் குறைத்தாள்.

"என்கிட்ட சொல்லிட்டே, சரி" என்றான் கடைசியில். "நான் பண்ணின சத்தியத்துக்கு என்ன பண்ண? சோலாஞ்சுகிட்ட நீயே வந்து சொல்லு."

லோர்னுக்கு வண்டி இல்லாததால் மறுநாள் ரெஜான் வீட்டுக்கு நான் அழைத்துச் சென்றேன். சோலாஞ்ச் கதவைத் திறந்தாள். வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னார்; ஊகித்ததையும், குளிர் என்றதையும் விடவில்லை. உள்ளே ரெஜான் இடது கையால் ஸ்பூனைப் பிடித்துப் பட்டாணி சூப் குடிக்கப் பழகிக்கொண்டிருந்தான். சூப் மேசையெல்லாம் சிந்தியிருந்தது. அவன் தலை நிமிர்ந்து, "வந்துட்டியா" என்றான்.

அதை அழைப்பு என்று எண்ணி, லோர்ன் வழக்கம்போலக் குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்.

"பூட்ஸைக் கழட்ட வேண்டாம்" என்றாள் சோலாஞ்ச், தணிந்த குரலில்.

அவர் பாதி அவிழ்த்த கயிற்றை அந்தப் படியிலேயே மீண்டும் கட்டினார். முடிச்சு விழ நேரமாயிற்று. அதுவரை அவள் கதவைப் பிடித்தபடியே நின்றாள்.