விதைக்கு நிற்கும் லீக்ஸ்

மார்ச் முதல் தேதி வரும் புனித தாவீது திருநாளன்று எங்கள் ஊரே தன் பாத்தியில் இருப்பதிலேயே பருத்த, வெங்காயத்தாள் போன்ற லீக்ஸைப் பிடுங்கிச் சட்டையில் குத்திக்கொள்ளும். மிச்சத்தை ஆட்டுக்கறிச் சாற்றில் போடும். மெய்னிர் அன்றைக்குத்தான் தன் பாத்தியில் பருத்தவற்றுக்குச் சிவப்பு நூல் கட்டுவாள். நூல் கட்டியதை யாரும் தொடக்கூடாது. கணவர் இத்ரிஸின் தட்டில் விழுவது விரல் பருமன் லீக்ஸ்தான்.

"திருநாளுக்குக்கூட நோஞ்சானா?"

"நல்லதையெல்லாம் தின்னுட்டா விதைக்கு எது நிக்கும்? வாயை மூடிக்கிட்டுச் சாப்பிடுங்க."

மெய்னிர் பேருந்து ஓட்டுகிறாள். வேலைக்குப் போட்டுக் கிழிந்த நைலான் காலுறை ஒன்றையும் எறிவதில்லை. இரண்டாம் கோடையில் நெஞ்சுயரம் வளர்ந்து பந்துபந்தாகப் பூக்கும் லீக்ஸுக்கு அவற்றை மாட்டிக் கட்டுவாள். விதை சிந்தாது.

செடி இப்படிப் பூத்து விதை பிடிப்பதை எங்கள் மொழியில் 'ஹாடி' என்போம். எங்கள் தோட்டச் சங்கத்தார் வாயில் அது வசவு. விதை பிடிக்கவிட்ட பாத்தி சோம்பேறியின் பாத்தி. பிடுங்கி வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். ஸ்லேட் குவாரி முதலாளி தொழிலாளிகளுக்கு இந்த நிலத்தைக் குத்தகைக்கு விட்டபோது எழுதிய விதி அது. விதை விற்ற கடையும் அவருடையதுதான். குவாரி மூடிவிட்டது, முதலாளி மண்ணாகிவிட்டார், விதி மட்டும் வேதவாக்காக நிற்கிறது. ஏன் என்று கேட்க ஒரு நாக்கு இல்லை.

இந்த ஆகஸ்டில் சங்கச் செயலாளர் எல்வின் செடி வெட்டும் கத்தரியோடு வந்தார். கண்காட்சியில் லீக்ஸுக்குப் பரிசு வாங்குகிறவர். நான் அடுத்த பாத்தியில் களை பறித்துக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா, போன தடவையே சொல்லியாச்சு. இன்னிக்கு வெட்டலேன்னா பாத்தி உன் கையை விட்டுப் போயிடும்."

"விதை இன்னும் கறுக்கலை. செப்டம்பர் தாண்டணும்."

"பெரிய விதை! பாக்கெட் பாக்கெட்டா கடையில தொங்குது."

"உங்க பரிசு லீக்ஸ் எந்தப் பாக்கெட்லேர்ந்து வந்துச்சாம்?"

எல்வினின் காது சிவந்தது. அவர் வருடாவருடம் யாரிடம் விதை கேட்டு நிற்கிறார் என்பது தோட்டம் முழுக்கத் தெரியும்.

"அது வேற. இது விதி."

"அப்ப நீங்களே வெட்டுங்க. நான் வெட்ட மாட்டேன்."

இருப்பதிலேயே உயரமான தண்டை வளைத்து, வெட்டுவதற்கு வாகாக அவர் முன்னால் நீட்டினாள். கத்தரி விரிந்தது. விரிந்தபடியே நின்றது.

மெய்னிர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு கையால் அந்தத் தண்டைப் பிடித்தபடியே, மறு கையால் பையிலிருந்து இன்னொரு காலுறையை உருவி, பக்கத்துப் பூவுக்கு மாட்டி, முடிச்சைப் பல்லால் கடித்து இறுக்கினாள்.