எச்சில் பொருத்தம்

பெண் பார்க்கப் போன வீட்டில் காபியைக் குடித்துவிட்டுப் பெண்ணின் எச்சிலைக் கேட்ட மகராசி, சிவகாசிப் பக்கத்தில் பொன்னுத்தங்கம் ஒருத்திதான்.

பட்டாசுக் கம்பெனி முதலாளியின் மனைவி. மகனுக்கு விருதுநகர் பருப்பு மண்டிக்காரர் மகள் இசைவாணியைப் பேசி, பத்துப் பொருத்தமும் பார்த்தாயிற்று. எச்சிலைக் குழாயில் பிடித்து அனுப்பினால், கர்ப்ப காலத்தில் சர்க்கரை வருமா என்று மரபணுவை வைத்துக் கணிக்கிறார்கள் என யாரோ அவள் காதில் ஓதிவிட்டார்கள். விடுவாளா? இசைவாணிக்குச் சர்க்கரை வர வாய்ப்பு அதிகம் என்று முடிவு வந்தது. வராமலும் போகலாம், சாப்பாட்டில் கவனமாக இருந்தால் போதும் என்று டாக்டர் சொன்னது அவள் காதில் ஏறவில்லை.

"கெட்ட ரத்தத்த வீட்டுக்குள்ள விடச் சொல்லுதீகளா?" என்று தரகரிடம் சீறினாள். ஊர் முழுக்கவும் சொல்லி வைத்தாள்.

அடுத்த முகூர்த்தத்தில் தம்பி சீனிவாசகத்தின் மகள் யோகேஸ்வரியை மகனுக்குக் கட்டிவைத்தாள். அவளிடம் எச்சில் கேட்கவில்லை. தம்பி ரத்தம் தன் ரத்தமாம், தன் ரத்தம் தங்கமாம். தன் முதுகு தனக்கு எங்கே தெரிகிறது.

யோகேஸ்வரி உண்டானாள். சர்க்கரைத் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து ரத்தம் பார்ப்பது எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் உள்ளதுதான். அவர்கள் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண்கள்கூட சுகாதார நிலையத்தில் பார்த்துக்கொள்கிறார்கள். மருமகளுக்கு மட்டும் தடை.

"தாகமா வருது அத்த. ஒருதடவ பாத்துருவமா?"

"எங்க அப்பன் வீட்டுப் பிள்ளைக்கு டெஸ்டா? நீ சாப்புடு தாயி" என்று கருப்பட்டி மிட்டாயை நீட்டினாள்.

ஒன்பதாம் மாதம் மயங்கி விழுந்தவளை மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சர்க்கரை எக்கச்சக்கம். அறுத்தெடுத்த பிள்ளை அளவுக்கு மீறிப் பெருத்து, மூச்சுத் திணறிக் கண்ணாடிப் பெட்டியில் கிடந்தது.

"குடும்பத்துல யாருக்காவது சர்க்கரை இருக்கா?" கட்டிலருகே நின்று டாக்டர் கேட்டார்.

"எங்க வம்சத்துலயே கெடையாது." அப்போதும் நிமிர்ந்துதான் சொன்னாள் பொன்னுத்தங்கம்.

"எனக்கு இருக்கு" என்றார் சீனிவாசகம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு. "ரொம்ப வருசமா ஊசி போடுதேன்."

"ஏலே, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொன்னா எம்மகள எடுத்திருப்பியாக்கா?"

சம்பந்தத்துக்காக மகளின் உயிரைப் பணயம் வைத்த அவரும் லேசுப்பட்டவர் இல்லை. அக்காவுக்கு ஏற்ற தம்பி.

கட்டிலில் கிடந்த யோகேஸ்வரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். முதலில் அப்பாவைப் பார்த்தாள், பிறகு அத்தையை.

"எம்பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன். ரெண்டு பேரும் வெளிய போங்க" என்றாள்.