சிவப்பண்ணனின் பலகை

எனக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம்தான். வயிற்றுவலி என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு வரும் பிள்ளையிடம் முதலில் ‘இன்றைக்கு ஓட்டப்பந்தயமா?’ என்று கேட்கிற ரகம். பள்ளியில் விளையாட்டு டீச்சர். விடுமுறையில் ஏரிக்கரைக் கோடை முகாமில் நீச்சல் பொறுப்பு. அப்படிப்பட்ட என்னையே தூக்கிச் சாப்பிட்ட ஒரு சந்தேகப் பிராணியைப் பற்றித்தான் எழுதுகிறேன். பிள்ளைகள் அவரைச் சிவப்பண்ணன் என்பார்கள்.

முகாமுக்கு ஐம்பத்திரண்டு வயது அப்போது. முதல் வருடத்திலிருந்தே ஒரு வழக்கம் உண்டு. வந்த அன்றே ஒவ்வொரு பிள்ளைக்கும் எண் எழுதிய மர வில்லை ஒன்று கிடைக்கும். ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் சிவப்பு. படகுத்துறையில் நிற்கும் பலகையில் அது தொங்கும். தண்ணீரில் இறங்கும் முன் சிவப்புக்குத் திருப்ப வேண்டும், கரையேறியதும் வெள்ளைக்கு. அவரவர் வில்லையை அவரவர்தான் திருப்ப வேண்டும், அடுத்தவர் கை படக்கூடாது. கடைசி நாளில் வில்லை பிள்ளையோடு வீட்டுக்குப் போய்விடும். இருபது வருடம் கழித்து ஓர் அம்மா அதைக் கைப்பையிலிருந்து எடுத்து, தன் மகளுக்கும் இதே எண் வேண்டும் என்று வந்து நிற்பாள்.

அந்தப் பலகைக்குக் காவல் சிவப்பண்ணன். ‘யாரோட சிவப்பு இது?’ என்று மாலைதோறும் அவர் போடும் சத்தத்தில் வந்த பெயர். ஊரில் அலமாரி அகலத்தில் ஒரு பூட்டு ரிப்பேர் கடை வைத்திருந்தார். படகுக் கொட்டகைப் பூட்டைச் சரிசெய்ய ஒருமுறை வந்தவர், அதன் பிறகு முப்பத்து மூன்று கோடை தவறாமல் வந்தார். பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்ப்பாராம். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து நான்காவது முறையும். அவரோடு கிளம்பி ஒரு பஸ்ஸையும் ஒழுங்காகப் பிடித்ததில்லை என்று அவர் மனைவி என்னிடம் அலுத்துக்கொண்டார்.

ஒரு மாலை, பிள்ளைகள் எல்லாரும் கரையேறிய பிறகும் நாற்பதாம் வில்லை சிவப்பாகவே தொங்கியது. நாற்பதாம் எண்காரன் என் பக்கத்தில் தலை துவட்டிக்கொண்டிருந்தான். திருப்பிவிட்டேன் டீச்சர் என்று சத்தியம் செய்தான். சிவப்பண்ணனுக்கு மறதியா, இல்லை பகலிலேயே ஏதாவது உள்ளே போகிறதா? மறுநாள் கொட்டகைக்குள் ஒளிந்து பார்த்தேன். மனிதர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, கட்டைவிரலால் ஒரு வெள்ளையைச் சிவப்பாக்கினார். கையும் களவுமாகப் பிடித்தேன்.

அவர் அசரவே இல்லை. “நாலு நாளா திருப்பி வைக்கிறேன் டீச்சர், கரையில நிக்கிறவங்க பார்க்கிறாங்களான்னு. நேத்துதான் நீங்க கவனிச்சீங்க. இன்னைக்கு என்னைப் பார்க்கிறீங்க, பலகையைப் பார்க்கல.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. யார் யாரைச் சோதிப்பது? நேரே நிர்வாகி அம்மாவிடம் போய்ப் போட்டுக்கொடுத்தேன். அவர் கூப்பிட்டுக் கண்டித்தார். இனி எந்த வில்லையையும் தொடமாட்டேன் என்று சிவப்பண்ணன் வாக்குக் கொடுத்தார். நான் நம்பவில்லை.

மூன்றாம் நாள் மாலை திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. தலை எண்ணக்கூட நிற்காமல் பிள்ளைகளைச் சாப்பாட்டுக் கூடத்துக்கு விரட்டினேன். பலகையில் இருபத்திரண்டு மட்டும் சிவப்பு. வாக்குக் கொடுத்தும் இந்த ஆளுக்குப் பழைய புத்தி போகவில்லையே என்று எரிச்சல். நானே அதை வெள்ளையாகத் திருப்பிவிட்டு நடையைக் கட்டினேன்.

அவர் அப்போது எங்கே இருந்தார் தெரியுமா? அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டு, கரையோரமாக இருபத்திரண்டைத் தேடிப் போயிருந்தார். திரும்பி வந்தால் வெள்ளை. வேறு யாராக இருந்தாலும் நிம்மதியாக டீ குடிக்கப் போயிருப்பார்கள். இவர் சொட்டச் சொட்ட நனைந்து கூடத்துக்குள் வந்தார். மேசை மேசையாக, ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

“இருபத்திரண்டு எங்க?”

ஒன்பது வயதுப் பெண். அவள் நாற்காலி காலி.

படகுத்துறைப் பலகைகளுக்கு அடியில், கால் கயிற்றில் சிக்கி, தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தாள். தண்ணீர் மோவாய் வரை. உதடு நீலம், கத்தக் குரல் இல்லை. நான் வில்லையைத் திருப்பியபோது அவள் தலைக்கு மேலேதான் நின்றிருக்கிறேன். சிவப்பண்ணன் குதித்துக் கயிற்றை அறுத்தார். பிழைத்தாள். இன்னும் அரை மணி ஆகியிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். மீதியைக் கேட்காமல் வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் விசாரணை. வில்லையைத் திருப்பியது யார் என்று நிர்வாகி அம்மா கேட்டார். சிவப்பண்ணன் என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. நான் வாயைத் திறந்தால் பிள்ளைகள் பக்கமே இனி என்னை அண்டவிடமாட்டார்கள். திறக்கவில்லை.

“பலகை என் பொறுப்புங்க,” என்றார் அவர்.

ஏற்கெனவே வில்லையைத் தொட்டு மாட்டிக்கொண்டவர். வேறு யாரைச் சந்தேகிப்பார்கள்? அன்றே அனுப்பிவிட்டார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அப்பாடா என்றிருந்தது. பஸ் நிறுத்தம் வரை அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். ஏன் என்னைச் சொல்லவில்லை என்று அங்கேதான் கேட்டேன்.

“புதுசா ஒருத்தர் வந்தா வெள்ளையைப் பார்த்து நம்பிடுவார் டீச்சர். நீங்க இனிமே நம்பமாட்டீங்க.”

அது இரக்கமா, தண்டனையா? பதினொரு கோடையாகப் பலகை என் காவலில் இருக்கிறது; இன்னும் எனக்குத் தெரியவில்லை. எல்லாம் வெள்ளையான பிறகும் கூடத்துக்குப் போய் முகம் முகமாகப் பார்க்கிறேன். சில நாள் பாதி வழியில் திரும்பி மறுபடியும் பார்க்கிறேன்.

இந்தக் கோடையில் நீச்சல் சொல்லித்தர ஒரு பெண் வந்தாள். பையிலிருந்து ஒரு பழைய வில்லையை எடுத்துக் காட்டினாள். இருபத்திரண்டு.

“அந்தப் பலகைக்காரரை எங்கம்மா இன்னும் திட்டிக்கிட்டே இருக்காங்க டீச்சர்,” என்றாள் சிரித்துக்கொண்டே.

சிவப்பண்ணன் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அவளை உட்காரச் சொன்னேன்.

“அதை அவர் திருப்பலம்மா,” என்றேன். “நான் திருப்பினேன்.”