சிவப்பு மேசைவிரிப்புக்கு ஒரு ஸ்பானியச் சொல்

முப்லிஹாவின் ஸ்பானிய மொழி முழுக்கச் சமையலறையிலும் சலவையறையிலும் பழகியது. தோஹாவில் ஒரு ஸ்பானியக் குடும்பத்தின் இரண்டு பிள்ளைகளை வளர்த்தாள். அவர்கள் பேசப் பழகியபோது அவளும் கூடவே பழகிக்கொண்டாள். காத்தான்குடிக்குத் திரும்பிய பிறகு அந்த மொழிக்கு வேலை இருக்கவில்லை. ஆணம் கொதிக்கும்போது தனக்குள் ஏதாவது சொல்லிக்கொள்வதோடு சரி.

அவளுடைய அண்ணன் ஹில்மி நானாவின் கைத்தறிச் சிவப்பு மேசைவிரிப்புகளை ஸ்பெயினில் ஒரு கடைக்காரி கேட்டிருந்தாள். முதல் கட்டு நல்லபடி போனால் தொடர்ந்து எடுப்பாள்; குறை வந்தால் அத்தோடு முடிந்தது. விரிப்பின் ஓரத்தில் தைக்கும் துணிச்சீட்டில் "பாஸ்ட் கலர்" என்று ஆங்கிலத்தில் போடுவது ஹில்மியின் வழக்கம். இம்முறை அதன்கீழ் ஸ்பானியமும் வேண்டுமாம்.

துணிக்குச் சொல்லும் அந்த 'பாஸ்ட்'டுக்கு ஸ்பானியச் சொல் அவளுக்குத் தெரியாது. போனில் 'பாஸ்ட்' என்று போட்டுக் கேட்டாள். "ராப்பிதோ" என்றது.

"அதென்ன?" என்றார் ஹில்மி.

"வேகமாம், நானா."

தறியில் இருந்த அவர் மனைவி ஸாதியாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஓடுற கலரா மதினி? இந்த மனிசன விட வேகமா ஓடினாச் சரி."

மறுபடி கேட்டாள். "ஆயூனோ" வந்தது. அது நோன்பு; இங்கிலீஸில் அதுவும் 'பாஸ்ட்'தான். ஸாதியாவின் கண்ணில் படுமுன் அழித்துவிட்டாள். அடுத்து வந்த சொல், ஆடாத மேசைக்கும் கட்டிலுக்கும் தோஹா வீட்டுக்காரி சொல்வது; துணிக்கு அல்ல.

"இங்கிலீஸ விடுங்க நானா. நீங்க அவக்கு என்ன சொல்லப் போறீங்க?"

"சாயம் போகாது எண்டு. வேறென்ன?"

அதுவா! "நோ தெஸ்தீஞே." தோஹாவில் பிள்ளையின் சிவப்புச் சட்டையை வெள்ளை விரிப்புகளோடு மெஷினில் போட்ட அன்று, முதற்சொல் இல்லாமல் மற்றதை மட்டும் வீட்டுக்காரி வாய் ஓயாமல் சொன்னது அவளுக்கு மறக்குமா?

எழுதப்போன கை நின்றது. "ஒண்ட நனைச்சுப் பாப்பமா?"

ஹில்மியின் முகம் சுருங்கியது. "என்னில நம்பிக்கை இல்லையா புள்ள?" உடுத்திருந்த வெள்ளைப் பெனியனைக் கழற்றி, ஒரு விரிப்போடு சேர்த்து வாளிக்குள் அமுக்கினார். எடுத்தபோது பெனியன் ரோசாப்பூ நிறம்.

"முதல் தண்ணி அப்படித்தான்! புதுச் சாரன உப்புத் தண்ணியில தனியா ஊறப்போட்டுத்தானே உடுக்கிற. பிறகு ஒரு பொட்டும் போகாது."

"நமக்குத் தெரியும். அந்தப் பொம்புளைக்குத் தெரியுமா நானா? அவ நேரா மெஷின்ல போடுவா."

ஹில்மி பெனியனைப் பிழிந்தார். ஊறவைக்காமல் உடுக்கிற மனிதரை அவர் கண்டதே இல்லை.

"அப்ப நாமளே ஊறப்போடணும்," என்றார் கடைசியில். "கஞ்சியெல்லாம் போயிரும். மொடமொடப்பு இருக்காது."

"போகட்டும் நானா."

சீமெந்துத் தொட்டியில் உப்பைக் கொட்டி, எல்லா விரிப்புகளையும் ஊறவைத்து அலசினார்கள். கொடியில் அவை துவண்டு தொங்கின. ஹில்மி ஒவ்வொன்றாகத் தடவிப் பெருமூச்சு விட்டார்.

"மய்யத்து வீட்டுல நிக்கிற மாதிரி நிக்காதீங்க," என்றாள் ஸாதியா.

அவர் கடைசி விரிப்பின் ஓரத்தை மீண்டும் நனைத்து, ஒரு கண்ணாடிக் கோப்பைக்குள் பிழிந்து, வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

"ம். இப்ப எழுது."

முப்லிஹா எழுதினாள். அந்த இரண்டு சொற்களையும் அவள் எழுதி முடிக்கும்வரை, அவற்றை வாசிக்கத் தெரியாத ஹில்மி தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார்.